மேற்படியாருக்கு ஓய்வு

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. வாசலில் நிற்பவர்களும் உள்ளே வந்துவிடுங்கள், சாரல் அடிக்கிறது. கையில் இருப்பதையெல்லாம் கீழே வைத்துவிட்டுக் காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுங்கள். ராஜா ராணி வருகிற கதை இல்லை இது. ஒரு பெண்பிள்ளை இரண்டு பட்டன்களைச் சேர்த்துத் தட்டினாள். அதனால் ஓர் ஊரின் பேருந்தெல்லாம் நின்றுபோகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

பேருந்துப் பணிமனையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தரையெல்லாம் எண்ணெய்க் கறை. மழை பெய்தால் ஒவ்வொரு குட்டையிலும் ஒரு வானவில் படுத்துக் கிடக்கும். விடிவதற்கு முன்பே வண்டிகள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே போகும். அப்படி ஒரு பணிமனையில், டயர் அடுக்கிய கொட்டகைக்கும் தேநீர்க் கடைக்கும் நடுவே ஒரு சின்ன அறை. அதில் டூட்டியக்கா உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு எந்த ஓட்டுநருக்குக் காலை, யாருக்கு மாலை, யாருக்கு ஓய்வு என்று எழுதி ஒட்டுவது அவள் வேலை. வேலையே பெயராகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள்.

அந்த வேலைக்கு அவள் வந்த புதிதில் எல்லாம் தாளும் ஸ்கேலும்தான். மேலே ஒருவனுக்கு எழுதியதையே கீழே உள்ளவனுக்கும் எழுத வேண்டியிருந்தால் ‘மேற்படி’ என்று எழுதுவாள். கை வலித்தால் ௸ என்று ஒரு சுழி சுழித்துவிடுவாள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. வந்த நாளில் அதற்கு ஒரு பூப்போட்ட துணி தைத்துப் போர்த்தினாள், குளிர்காலத்தில் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி. மாட்டிக் கொடுக்க வந்தவன் அவசரக்காரன். போகிற போக்கில், "கட்டம் கட்டமா இருக்கு பாருங்க, இதுல கன்ட்ரோலப் பிடிச்சுக்கிட்டு டி-யத் தட்டுங்க. மேல உள்ளது கீழ இறங்கிடும்," என்றான்.

"அட, நம்ம மேற்படி!" என்றாள் டூட்டியக்கா.

அன்றிலிருந்து அவள் வாயில் அது மேற்படி பட்டன். எண்ணி இரண்டே விரல். முதல் பெயருக்கு எதிரே ‘காலை’ என்று எழுதுவாள். கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கிய அம்பைத் தட்டினால் கடைசிப் பெயர்வரை கட்டங்கள் கறுத்துக்கொள்ளும். அப்புறம் மேற்படி. மழை இறங்குகிற மாதிரி எல்லாக் கட்டத்திலும் ‘காலை’ இறங்கிவிடும். மாலைக்காரர்களையும் ஓய்வுக்காரர்களையும் மட்டும் பிறகு ஒவ்வொருவராக மாற்றுவாள். தட்டித் தட்டி அந்த டி எழுத்து தேய்ந்தே போனது. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு அது வெறும் கறுப்புச் சதுரம். அவள் விரலுக்குக் கண் தேவைப்படவில்லை.

பட்டியலில் முதல் பெயர் ஒண்டியாருடையது. பணிமனையிலேயே மூத்த ஓட்டுநர். கல்யாணம் செய்துகொள்ளாதவர், அதனால்தான் அந்தப் பெயர். வீட்டில் போய் யார் முகத்தைப் பார்க்கப்போகிறேன் என்று ஓய்வே கேட்க மாட்டார். வாரத்தில் எந்த நாள் யாருக்கும் வேண்டாமோ அந்த நாளை அவருக்கு ஓய்வாகத் தள்ளிவிடுவார்கள். இரண்டாவது பெயர் டூட்டியக்காவின் கணவருடையது.

அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரமே தேநீர்க் கடையில் பேச்சு கிளம்பிவிட்டது. பொண்டாட்டி கையில டூட்டி, அவனுக்கென்ன குறைச்சல், இனிமே ராஜாதான் என்று. அதைக் கேட்டுவிட்டு வந்த மனுஷன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"இந்தா பாரு, எனக்குன்னு நீ ஒண்ணும் எழுத வேணாம். எனக்கு மேல இருக்கறவருக்கு என்ன போடறியோ அதையே இறக்கிடு."

அவளும் ரோஷக்காரி. அப்படியே செய்தாள். கணவரின் கட்டத்துக்கு வந்தால் மேற்படி. மறுநாளும் மேற்படி. அவருக்கென்று ஒரு நாள்கூட ஓர் எழுத்துத் தட்டியதில்லை. பணிமனையில் இந்தச் சேதி பரவியதும் அவருக்கு மேற்படியார் என்றே பெயராகிவிட்டது. அவரும் பட்டியலைப் பார்ப்பதை விட்டுவிட்டார். சாயங்காலம் ஒண்டியாரிடம் ஒரு கேள்வி: "அண்ணே, நாளைக்கு நமக்கு என்ன?" அவ்வளவுதான்.

இந்த மேற்படியாருக்கு ஒரே மகள். படித்து முடித்தாள். கடல் தாண்டி ஒரு வேலை கிடைத்தது. ரயிலேறி, அப்புறம் கப்பலோ விமானமோ ஏறி, போனால் எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது. கிளம்ப இன்னும் ஒரு முழு நாள்தான் பாக்கி. அன்றைக்கு வீட்டில் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு கட்டிலில் கிடந்தது. அப்பா தரையில் உட்கார்ந்து உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, ஸ்டேஷனுக்கு நீங்க வரணும்," என்றாள் மகள்.

"வராம? ஸ்டேஷன் வண்டியே நான்தானேம்மா ஓட்டறேன். உன்னையும் உன் பெட்டியையும் அலுங்காமக் கொண்டுபோய் இறக்கிடறேன்."

"ஓட்டறதுக்கு இல்லப்பா. பக்கத்துல உக்கார்றதுக்கு."

அவர் கத்தியை நிறுத்தினார்.

"சின்ன வயசுலேர்ந்து உங்க வண்டியிலதான் ஸ்கூலுக்குப் போனேன். உங்களுக்குப் பின்னாடி சீட்டு. எனக்கு உங்க பின்னந்தலைதான் மனப்பாடம். சுழி எந்தப் பக்கம் சுத்துதுன்னுகூடக் கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். முகத்தக் கேட்டா கொஞ்சம் யோசிக்கணும்."

"கண்ணாடியில பாப்பியே, கழுத."

"கண்ணாடியில கண்ணு மட்டும்தான்ப்பா தெரியும். அதுவும் என்னைப் பாக்காது, பின்னாடி வர்ற லாரியப் பாக்கும்."

மேற்படியார் சிரிக்கத்தான் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "ஒண்டியாருக்கு என்னவோ அதான் எனக்கு. நாளன்னைக்கு அவருக்குக் காலை வண்டி. உனக்குத் தெரியாததா?"

"அதை எழுதறது நம்ம வீட்டு அம்மாதானே?"

"அம்மா எங்க எழுதறா? மேல உள்ளது கீழ இறங்குது. அவ்வளவுதான்." சொல்லிவிட்டு எழுந்து, சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டுவிட்டு, விடியற்காலை வண்டிக்காரர் ஆயிற்றே, படுக்கப் போய்விட்டார்.

மகள் அம்மா பக்கம் திரும்பினாள். "உன் விரல் ஒரே ஒரு தடவை வழுக்கினா என்னம்மா ஆகும்?"

"என் விரல் வழுக்கினா ஊரே வழுக்கும். போய் சட்டைய மடிச்சு வை."

"நீயெல்லாம் அம்மாவா, இல்ல மிஷினா?"

டூட்டியக்கா மாவு கல்லாகிற வரைக்கும் பிசைந்தாள். அன்று சுட்ட ரொட்டியை யாராலும் பிய்க்க முடியவில்லை. மகளும் அதற்குப் பிறகு அவளிடம் பேசவில்லை. பெட்டியோடு மட்டும் பேசினாள்: "இது கொள்ளல. இது வேணாம். இதை யார் வெச்சது?"

மறுநாள் மதியம் மழை தூறிக்கொண்டிருந்தது. டூட்டியக்கா பூத்துணியை விலக்கி, நாளைய கட்டங்களை நிரப்ப உட்கார்ந்தாள். வழக்கம்போல ஒண்டியாருக்குக் காலை. எல்லோருக்கும் அதை இறக்கினாள். மாலைக்காரர்களை மாற்றினாள். காய்ச்சல்காரருக்கு ஓய்வு போட்டாள். எல்லாம் முடிந்தது. அப்புறமும் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது கட்டத்துக்குத் திரும்பப் போய் நின்றாள்.

அறையில் யாரும் இல்லை. ஆனாலும் இரண்டு பக்கமும் பார்த்தாள், கடையில் மிட்டாய் எடுக்கப்போகிற குழந்தை பார்க்கிற மாதிரி. பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். ‘ஓய்வு’. அவர் பெயருக்கு எதிரே அவள் கையால் எழுதிய முதல் சொல் அது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவில் நிழல் விழுந்தது. மேற்படியாரேதான். வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, குடையோடு அவளை அழைத்துப் போக வந்திருந்தார்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். கண் அவர் முகத்தில் நின்றது. விரலோ தன் பாட்டுக்குத் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது. ஒரு சொல்லைத் தட்டினால் அடுத்து என்ன என்று அந்த விரல்களுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்: கடைசிப் பெயர்வரை கறுப்பாக்கு, மேற்படியைத் தட்டு. தட்டியது. உடனே அச்சுக்கும் அனுப்பிவிட்டு, திரையை அணைத்து, துணியையும் போர்த்திவிட்டாள்.

"என்ன, முகமெல்லாம் வேர்த்திருக்கு?"

"ஃபேன் ஓடல."

அவர் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே மின்விசிறி தலைதெறிக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் குடையை விரித்தார். காவலாளி அச்சுத் தாளை எடுத்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பழக்கம் இல்லாததால், பசை தடவிச் சுவரில் ஒட்டினார். மேலாளர் டூட்டியக்காவின் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது வெளியே விளக்குப் போடுகிற நேரம். அவித்த முட்டை, கிழங்கு, முந்தைய நாளின் கல் ரொட்டி. டூட்டியக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. ஒண்டியார் பட்டியலைப் பார்ப்பார், வந்து சொல்வார், இவர் குதிப்பார், குதித்துவிட்டு அடங்கிவிடுவார். ஓர் ஆள் ஓய்வுதானே. ஊர் தாங்கும்.

கதவு தட்டப்பட்டது. ஒண்டியார் நனைந்த தொப்பியைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தார். உட்காரவில்லை. மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மேற்படியார் வாயில் ரொட்டியோடு வழக்கமான கேள்வியைக் கேட்டார். "அண்ணே, நாளைக்கு நமக்கு என்ன?"

"எனக்குக் காலை, மாப்ள."

"அப்ப எனக்கும் காலை."

"இல்ல. உனக்கு ஓய்வு."

மகளின் கையில் இருந்த முட்டை தட்டில் விழுந்தது. மேற்படியார் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார். அவள் தண்ணீர்ச் செம்புக்குள் எதையோ தேடுகிறவள் மாதிரி குனிந்துகொண்டாள்.

"நீ எழுதினியா?"

"எழுதினேன்." செம்புக்குள்ளிருந்து குரல் வந்தது. "என் கையால தட்டி எழுதினேன். பொண்ணு நாளைக்குப் போறா. நீங்க அவ பக்கத்துல உக்காரணும். இத்தனை வருஷமா ஒரு எழுத்துகூட உங்களுக்காகத் தட்டாதவ இன்னைக்குத் தட்டினேன். ஊர் என்ன வேணா பேசட்டும்."

"ஊர் பேசாது தங்கச்சி," என்றார் ஒண்டியார். "ஊருக்கே ஓய்வுதானே."

"என்னண்ணே சொல்றீங்க?"

"இவனுக்குக் கீழ இருக்கறவனுக்கு ஓய்வு. அவனுக்குக் கீழ இருக்கறவனுக்கு ஓய்வு. அந்தக் காய்ச்சல்காரனுக்கு ஓய்வு, அது சரி. போன மாசம் வந்து சேந்த சுருட்டைத்தலைக்கும் ஓய்வு. என்னை மட்டும்தான் விட்டு வெச்சிருக்கே. நாளைக்கு அத்தனை வண்டியையும் நான் ஒருத்தனே எப்படிம்மா ஓட்டுவேன்? ஒண்ணை ஓட்டிட்டு, இறங்கி ஓடிப்போய் அடுத்ததுல ஏறணுமா?"

மகள்தான் முதலில் சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்துவிட்டது. டூட்டியக்கா எழுந்துவிட்டாள்.

"ஐயோ, மேற்படியத் தட்டிட்டேன்! எனக்குத் தெரியாமலே தட்டிட்டேன். விடிஞ்சா ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, மில்லுக்குப் போறவங்க, எல்லாரும் மழையில நிப்பாங்களே! எழுந்திருங்க, யாராவது மேலாளர் வீட்டுக்குப் போய்ச் சாவி வாங்கிட்டு வாங்க."

"அவர் வீடு அந்தக் கோடியில. வழியில பாலத்துல தண்ணி," என்றார் ஒண்டியார்.

மேற்படியார் கை கழுவிவிட்டு வந்தார். கோபமாகத்தான் இருந்தார், ஆனால் யார்மேல் என்று அவருக்கே பிடிபடவில்லை போலிருந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இதுக்குத்தான் எனக்குன்னு எதுவும் எழுதாதேன்னேன். வா, போய்ச் சுவத்துலயே ஒவ்வொண்ணா அடிச்சுத் திருத்திடுவோம். முதல்ல என்னுதை அடி." மகள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

ஒரே குடைக்குள் கணவனும் மனைவியும், குடையே இல்லாமல் ஒண்டியாரும், வாளி கவிழ்த்த மாதிரி வலுத்துவிட்ட மழையில் பணிமனைக்கு வந்தார்கள். வாசல் விளக்கின் கீழே பட்டியல் ஒட்டிய சுவரைச் சுற்றி ஒரே கூட்டம். காலைக்காரர், மாலைக்காரர், மாற்று ஓட்டுநர், ஃபிட்டர், தேநீர்க் கடைக்காரர் எல்லோரும் இருந்தார்கள். டூட்டியக்கா குடைக்குள் ஒதுங்கிக்கொண்டாள். இன்றைக்குத் தேநீர்க் கடையில் என்னென்ன பேசியிருப்பார்களோ!

"வாங்க டூட்டியக்கா! ஊருக்கே லீவு விட்ட மகராசி!" என்றார் ஃபிட்டர்.

"அடேய், சும்மா இரு. அக்கா முகத்தப் பாரு," என்று அவர் முதுகில் ஒன்று வைத்தார் தேநீர்க் கடைக்காரர்.

கூட்டம் வழிவிட்டது. அவள் சுவரைப் பார்த்தாள். ‘ஓய்வு’ என்று அச்சடித்த கட்டங்களின் மேல் பேனாவால் கோடு கிழித்திருந்தது. பக்கத்தில் அவரவர் கையெழுத்தில் அவரவர் டூட்டி. ‘காலை, மில் வண்டி.’ ‘மாலை, பால வழி.’ சுருட்டைத்தலை எழுதியது கோணல் மாணலாக, கட்டத்தை விட்டுத் தெருவுக்கே போயிருந்தது. கண் சரியாகத் தெரியாத ஒருவர் அடுத்தவன் கட்டத்தில் எழுதிவிட்டு, அம்புக்குறி போட்டிருந்தார். எல்லோருக்கும் அவரவர் டூட்டி மனப்பாடம். நாளைக்கு என்ன வரும் என்று அவளைவிட அவர்களுக்குத் தெரிந்திருந்தது. காய்ச்சல்காரர் கட்டத்தை யாரும் தொடவில்லை.

இரண்டாவது கட்டத்தையும் யாரும் தொடவில்லை. அதில் ‘ஓய்வு’ சுத்தமாக இருந்தது.

மேற்படியார் நேராகப் போய்க் கையை நீட்டினார். "பேனாவக் கொடுங்கடா."

பேனா சுருட்டைத்தலையிடமிருந்து மாற்று ஓட்டுநரிடம் போனது. அவரிடமிருந்து ஃபிட்டரிடம். ஃபிட்டர் அதை ஒண்டியாரிடம் கொடுத்தார். ஒண்டியார் ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார்.

"மை தீந்துபோச்சு மாப்ள."

"அண்ணே, விளையாடாதீங்க."

"யார் விளையாடறது? உன் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே கடைசிச் சொட்ட நான்தான் செலவழிச்சேன். அங்க பாரு."

முதல் கட்டத்தைப் பார்த்தார்கள். ‘காலை’ என்று அச்சாகியிருந்ததற்குப் பக்கத்தில், நனைந்த விரலால் கொஞ்சம் கலைந்து, இப்படி எழுதியிருந்தது: ‘ஸ்டேஷன் வண்டி. மேற்படியாருக்கும் சேர்த்து நானே.’

"என் வண்டிய மாத்து ஓட்டுநர் எடுத்துக்கறான். இத்தனை நாள் நான் ஓட்டினதுக்கெல்லாம் நீ மேற்படி. நாளைக்கு ஒரு நாள் உனக்கு நான் மேற்படி. அதுல என்ன தப்பு?"

யாரும் சிரிக்கவில்லை. மேற்படியார் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், அதாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழை பெய்ததால் எது எது என்று யாருக்கும் தெரியவில்லை. டூட்டியக்கா தேநீர்க் கடைப் பக்கம் பார்த்தாள். அங்கே முதல் வாரம் வாய்க்கு வந்தபடி பேசியவரும் நின்றுகொண்டிருந்தார். இப்போது மாலைக்காரர்களில் மூத்தவர். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சூடா டீ குடிங்கக்கா," என்றார்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. மகள் வீட்டு வாசலிலேயே அம்மாவைக் கட்டிக்கொண்டு, "மிஷின்னு சொன்னேன்ல, அதை அடிச்சுடும்மா," என்றாள். "அடிச்சாச்சு போ," என்றாள் டூட்டியக்கா. அவளுக்கு அன்றைக்கு ஓய்வு இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அறையில் உட்கார்ந்தாள்.

ஸ்டேஷன் வண்டி பணிமனை வாசலைக் கடக்கும்போது ஒண்டியார் வேகத்தைக் குறைத்தார். ஜன்னலோரம் மகள். அவள் பக்கத்தில் மேற்படியார், இஸ்திரி போட்ட சட்டையில், மடியில் அவள் கைப்பை. முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு, ஒரு பயணியைப்போல உட்கார்ந்திருந்தார். அவர் வலது கால் மட்டும் சும்மா இல்லை. வண்டி திரும்பும்போதெல்லாம் தரையை மிதித்தது.

"மாப்ள, பிரேக்கு இங்க இருக்கு!" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

மகள் சிரித்தாள். சிரித்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜன்னல் நகர்ந்து, வண்டி திருப்பத்தில் மறைந்தது. டூட்டியக்கா வெகுநேரம் அந்தத் திருப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலாளர் வந்து சுவரைப் பார்த்தார். "என்னய்யா இது, கோழி கிளறின மாதிரி?"

"கம்ப்யூட்டருக்கு ஜலதோஷம் சார்," என்றார் காவலாளி. வண்டிகள் எல்லாம் நேரத்துக்குப் போயிருந்ததால் மேலாளர் மேற்கொண்டு கேட்கவில்லை.

மதியம் ஒண்டியார் ஜன்னலில் வந்து நின்றார். மகளை ரயிலேற்றியாகிவிட்டதாம். மேற்படியார் நடைமேடையிலேயே உட்கார்ந்துவிட்டாராம், அடுத்த வண்டியில் வருவாராம். சொல்லி முடித்தும் அவர் நகரவில்லை. தொப்பியைக் கழற்றினார், மாட்டினார்.

"தங்கச்சி, இனிமே ஞாயித்துக்கிழமைல எனக்கு ஓய்வு போடு."

"உங்களுக்கா? உங்களுக்கு ஞாயித்துக்கிழமை என்னண்ணே வேலை?"

"எனக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்ல. ஆனா எனக்குப் போட்டாதானே கீழ இறங்கும்? பொண்ணும் போயாச்சு. உனக்கும் அன்னைக்கு ஆபீஸ் இல்ல. நீங்க ரெண்டு பேரும் ஒரு நாளாவது ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காருங்க." திரும்பி நாலடி போனவர் நின்றார். "மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் நான் வந்துடுவேன். அந்த ரொட்டிய மட்டும் இன்னொரு தடவை சுட்டுடாதே, தாயே."

அவள் பூத்துணியை விலக்கினாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் போனாள். முதல் கட்டத்தில் ‘ஓய்வு’ என்று தட்டினாள். ஒரு கட்டம் கீழே இறங்கினாள். இந்தத் தடவை கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொண்டு, ஒரு விரலால் கன்ட்ரோலைப் பிடித்து, எழுத்தழிந்த அந்தக் கறுப்புச் சதுரத்தை மெல்ல, ஒரே ஒரு முறை தட்டினாள். மேலே இருந்தது கீழே இறங்கியது. ஒரே ஒரு கட்டத்துக்கு.

கதை அவ்வளவுதான், கண்ணுகளா. தூறல் விட்டுவிட்டது, பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டில் உழைக்கிற கைகளுக்கு வேளைக்கு ஓய்வு விழட்டும். தூரம் போனவர்கள் திரும்பி வந்து பக்கத்து இருக்கையில் உட்காரட்டும். உங்கள் மேல் இறங்குகிற நல்லதெல்லாம் அங்கேயே நின்றுவிடாமல், உங்களுக்கு அடுத்த கட்டத்தில் இருப்பவர்களுக்கும் மேற்படி மேற்படி என்று இறங்கிக்கொண்டே இருக்கட்டும்.